பதினேழாம் எண் மாடும் எட்டாவது லிஃப்ட் பெண்ணும்

நியூ ட்ரெந்தே, அயோவா
ஜனவரி 14, 1979, ஞாயிறு இரவு

அன்புள்ள ஜோவன் அக்கா,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன் அறைத் தோழிக்குக்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துவிடு, அதையும் பொடிப்பொடியாகக் கிழி. அம்மாவுக்கு எழுதும்போது ஒரு சொல் நழுவினாலும் நான் தொலைந்தேன்.

நலமாக இருக்கிறாயா? மினியாபொலிஸில் இங்கிருப்பதைவிடக் குளிராமே. இங்கே அப்பாவின் முதுகுவலி குறைந்திருக்கிறது. அம்மா நலம். முப்பத்திரண்டு மாடுகளும் நலம்.

இப்போது விஷயம். இந்த வருஷம் எங்கள் பள்ளியில் பழைய காலத்து இசை நாடகம் ஒன்று போடுகிறார்கள். பெயர் ‘ஒன்பதாவது மாடி’. நியூயார்க்கில் ஒரு பெரிய கடை, அதில் லிஃப்ட் ஓட்டும் பெண்கள். எட்டுப் பேர், நான்கு ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் ஒரு லிஃப்டின் இரண்டு கதவுகள். ஆடிக்கொண்டே திறக்க வேண்டும், ஆடிக்கொண்டே மூட வேண்டும். ஷூவின் அடியில் இரும்புத் தகடு வைத்துத் தரையைத் தட்டி ஆடும் ஆட்டம். முழு நாடகமும் ஆட்டம்தான் அக்கா.

நான் எட்டாவது பெண்.

அனுமதிச் சீட்டில் இரண்டு கட்டங்கள் இருந்தன: ‘மேடையில்’, ‘மேடைக்குப் பின்னால்’. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் படித்தார். “ஆட்டம் உண்டா இதுல?” என்று கேட்டார். “நான் திரைக்குச் சாயம் அடிக்கப் போறேன்ப்பா” என்றேன். அவர் ‘மேடைக்குப் பின்னால்’ என்ற கட்டத்தில் பெருக்கல் குறி போட்டுக் கையெழுத்திட்டார். பள்ளிப் பேருந்தில் வைத்து மற்றக் கட்டத்திலும் நான் ஒரு குறி போட்டேன். அவ்வளவுதான் செய்தேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

பதிலை வீட்டுக்கு எழுதாதே. என் தோழி டெப் வீட்டு முகவரிக்கு எழுது. அவர்கள் வீட்டில் தபால் எடுப்பது அவள்தான்.

பயந்துபோன உன் தங்கை,
ரோண்டா


மினியாபொலிஸ்
ஜனவரி 22

அடி களவாணி ரோண்டி,

நலம். நலமறிய ஆவல். மருத்துவமனையில் இந்த வாரம் முழுக்க இரவுப் பணி, பகலில் ஆந்தை மாதிரித் தூங்குகிறேன். உன் கடிதத்தைக் கிழித்தேன். பொடிப்பொடியாகத்தான். அறைத் தோழி, “காதல் கடிதமா?” என்றாள். “அதைவிட மோசம்” என்றேன்.

நாலு வயதில் நீ கோழிக்குப் பயந்து கதவுக்குப் பின்னால் நின்றவள். இன்றைக்குப் பேருந்தில் உட்கார்ந்து கள்ளக் குறி போடுகிறாய். திட்ட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். வரவில்லை.

எட்டாவது பெண் என்றால் நீ ஒரு கதவு. கடைசி நேரத்தில் பயந்து விலகினால் அந்த லிஃப்டுக்கு ஒற்றைக் கதவுதான். அந்த ஏழு பிள்ளைகளை நினைத்துக்கொள். ஒன்று, இப்போதே விலகு. இல்லையென்றால் கடைசிவரை நில். நடுவில் மட்டும் காலை வாராதே.

உன் கால் இன்னும் என் அளவுதானே? இங்கே பழைய சாமான் கடையில் தகடு அடித்த கறுப்பு ஷூ ஒன்று கிடந்தது. டெப் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். பெட்டியின் மேல் ‘பின்னல் நூல்’ என்று எழுதியிருக்கிறேன். பொய்யில் நான் உனக்கு அக்கா.

மாடுகள் எப்படி? பதினேழாம் எண் இன்னும் உதைக்கிறதா? அம்மாவின் முழங்கால் எப்படி?

அன்புடன்,
ஜோவன்


நியூ ட்ரெந்தே
பிப்ரவரி 4

அன்புள்ள அக்கா,

நலம்தானே? ‘பின்னல் நூல்’ வந்தது. டெப்பின் அம்மா பெட்டியைக் குலுக்கிப் பார்த்து, “இரும்பு நூலா?” என்றாராம். டெப் சட்டென்று, “ஊசியும் இருக்கும்மா” என்றாளாம். அவள் இசைக்குழுவில் கிளாரினெட் வாசிக்கிறாள். அவள் அப்பாவும் நம் அப்பாவைப் போலத் தேவாலயச் சபையில் மூப்பர்தான், ஆட்டம் பாவம் என்பவர்தான். ஆனால் கிளாரினெட் பாவமில்லையாம். காலில் போட்டால்தான் பாவம் போலிருக்கிறது.

எங்கள் ஆசிரியை மிஸ் ஹால்வர்சன் வெளியூர்க்காரர். முதல் நாளே, “கதவுகளா, கேளுங்க. உங்க முகத்த யாரும் பாக்கப் போறதில்ல. சத்தத்தத்தான் கேப்பாங்க. எட்டுப் பேர் தட்டினா ஒரு சத்தம்தான் வரணும். ரெண்டு வந்துச்சுன்னா யாரோ பொய் சொல்றீங்க” என்றார். நான் அனுமதிச் சீட்டை நினைத்தேன். அவர் தட்டுவதைத்தான் சொன்னார்.

சபைக்காரர்கள் கோபிப்பார்கள் என்று தலைமையாசிரியர் சுவரொட்டியில் ஆட்டம் என்ற சொல்லையே அடித்துவிட்டு ‘இசைக்கேற்ற நடை’ என்று போடச் சொல்லிவிட்டார். பையன்கள் இப்போது கழிப்பறைக்குப் போவதற்குக்கூட, “கொஞ்சம் இசைக்கேற்ற நடை போயிட்டு வரேன்” என்கிறார்கள்.

வீட்டில் எங்கே பழகுவது என்று தவித்தேன். பிறகு இடம் கிடைத்தது. அப்பாவின் முதுகுக்காகக் காலைக் கறவை இப்போது என் பொறுப்பு. அவர் அந்த நேரம் டிராக்டரில் சாணம் அள்ளிக்கொண்டு வயலில் இருப்பார். கொட்டகையில் நானும் மாடுகளும்தான். சிமெண்டுத் தரை. கறவை இயந்திரம் டக், டக் என்று தாளம் தவறாமல் அடித்துக்கொண்டே இருக்கும். மாடுகளுக்கு மடி கழுவிக் குழாய் மாட்டிவிட்டு நடைபாதையில் ஆடுகிறேன். முதல் இரண்டு நாள் மிரண்டன. இப்போது அசைபோட்டுக்கொண்டே பார்க்கின்றன. பதினேழு என்னைப் பார்த்துக் கண்ணைக்கூட மூடுகிறது.

கறந்து முடித்ததும் என் தடம் தெரியாதபடி தரையில் புதிதாகச் சுண்ணாம்புத் தூள் தூவிப் பெருக்கிவிடுகிறேன். ஷூவைக் கொட்டகையிலேயே மாட்டுத் தாது உப்பு டப்பாவில் மறைத்து வைத்திருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. ஒவ்வொரு கடிதத்திலும் மாட்டை விசாரிக்கிறாய், அம்மாவை விசாரிக்கிறாய். அப்பாவை ஒரு தடவைகூட விசாரிப்பதில்லையே.

ரோண்டா


நியூ ட்ரெந்தே
பிப்ரவரி 12

அன்பு மகள் ஜோவனுக்கு, அம்மா எழுதுவது.

கர்த்தர் கிருபையால் நாங்கள் சுகம். உன் சுகத்துக்குத் தினமும் ஜெபிக்கிறோம். ‘றோம்’ என்றுதான் எழுதுகிறேன், ‘றேன்’ என்று இல்லை.

பனி இந்த வருஷம் விட்டபாடில்லை. ஞாயிறன்று பட்டாணி சூப் வைத்தேன். நீ இருந்தால் இரண்டு தட்டு குடித்திருப்பாய். என் முழங்கால் படிக்கட்டில் மட்டும் பேசுகிறது.

ரோண்டாவுக்கு வலது கால் உறையில் கட்டைவிரல் கிழிந்துகொண்டே இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு தைக்கிறேன். இடது காலில் குதிகால். திரைக்குச் சாயம் அடித்தால் உறை இப்படிக் கிழியுமா என்று நான் கேட்கவில்லை. கறுப்பு நூல் தீர்ந்துவிட்டது, அங்கே நல்லதாகக் கிடைத்தால் இரண்டு உருண்டை அனுப்பு.

சூடாக உடுத்திக்கொள்.

உன் அம்மா


நியூ ட்ரெந்தே
பிப்ரவரி 25

அன்புள்ள அக்கா,

மூன்று வாரமாகிவிட்டது. டெப் தினமும் தலையை ஆட்டி இல்லை என்கிறாள். உடம்புக்கு ஒன்றுமில்லையே? நான் அப்பாவைப் பற்றிக் கேட்டதுதான் காரணமென்றால் அதைக் கேட்காததாக வைத்துக்கொள்.

இங்கே ஒரு கூத்து நடக்கிறது, சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. காலைப் பால் ஏறிக்கொண்டே போகிறது. அப்பா கறக்கும் சாயங்காலப் பால் இறங்கிக்கொண்டே போகிறது. அப்பாவால் தாங்க முடியவில்லை. சாப்பாட்டு மேசையில் அம்மாவிடம் சொல்கிறார்:

“அதே மாடு. அதே தீவனம். அதே மிஷின். சாயங்காலமானா மட்டும் பாலை அடக்கிக்குதுங்க.”

“உங்க மூஞ்சியப் பாத்து பயந்திருக்கும்.”

“முப்பது வருஷமா இதே மூஞ்சிதான் ஹென்னி.”

“அதான் அலுத்துப் போச்சு.”

நான் உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முதலில் வெந்நீரில் மடி கழுவிப் பார்த்தார். பிறகு விளக்கை மாற்றினார். போன புதன்கிழமை மின்சாரக்காரரை வரவழைத்து, தரையில் மின்சாரம் கசிகிறதா என்று சோதித்தார். அந்த மனிதர் ஒரு கம்பியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் குனிந்து நடந்துவிட்டு, “கெரிட், உங்க மாடுங்களுக்கு ஷாக்கும் இல்ல ஒண்ணும் இல்ல. எதையோ எதிர்பாத்து நிக்குதுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எதை எதிர்பார்த்து நிற்கின்றன என்று எனக்குத் தெரியும் அக்கா. சத்தம் கேட்டால்தான் சுரப்பு விடுகின்றன. ஒரே மாதத்தில் அப்படிப் பழகிவிட்டன. ஆட்டத்தை நிறுத்தினால் காலைப் பாலும் போகும். நிறுத்தாவிட்டால் என்றாவது ஒருநாள் அப்பா கண்டுபிடிப்பார். அவர் புதிரை விடமாட்டார், உனக்குத் தெரியும்.

எழுது. ஒரு வரியாவது எழுது.

ரோண்டா


மினியாபொலிஸ்
மார்ச் 5

அன்புள்ள ரோண்டி,

நலம். வேலை அதிகம். அதனால்தான் எழுதவில்லை. சரி, வேலை அவ்வளவு அதிகமில்லை.

மாட்டுக் கதையைப் படித்துவிட்டு மருத்துவமனை உணவகத்தில் சூப்பைத் துப்பிவிட்டேன். மூன்று டாக்டர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாடுகளையும் கெடுத்து வைத்திருக்கிறாயே, பாவி.

நீ கேட்டதற்குப் பதில். அந்தக் கல்யாணத்தில் நான் ஆடியது இரண்டே பாட்டுக்கு. மூப்பர்கள் கூடிக் கை தூக்கச் சொன்னபோது, நான் சபை முன்னால் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஐந்து கைகள் எழுந்தன. ஒன்று நம் வீட்டுக் கை. “நான் மட்டும் என் வீட்டுப் பிள்ளைக்காகக் கையைக் கீழ வெச்சா, நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுட்டு அடுத்த வீட்டுப் பிள்ளையக் கண்டிக்கப் போவேன்?” என்றார். நியாயம்தான். அதனால்தான் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. பஸ் ஏறிவிட்டேன். அவ்வளவுதான். இதை இத்துடன் விடு.

அம்மாவுக்குக் கறுப்பு நூல் அனுப்பினேன். ஆறு உருண்டை.

நாடகம் என்றைக்கு?

ஜோவன்


நியூ ட்ரெந்தே
மார்ச் 18, ஞாயிறு இரவு

அக்கா,

நலம் விசாரிக்கக்கூட நேரமில்லை. மாட்டிக்கொண்டேன் என்று நினைக்கிறேன். உறுதியாகத் தெரியவில்லை. அதுதான் கொடுமை.

புதன்கிழமைக் காலை ஆடிக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டியது. காய்ச்சல். எப்படியோ கறவையை முடித்து, ஷூவை டப்பாவில் போட்டுவிட்டு வந்து படுத்தேன். சுண்ணாம்பைப் பெருக்க மறந்துவிட்டேன். அன்று மாலை அப்பா பின்பக்க வழியாகப் போய் இருட்டில் கறந்திருக்கிறார். அந்தப் பக்கத்து விளக்கு எரிவதில்லை, அதனால் அன்று நடைபாதையைக் கவனிக்கவில்லை போல.

வியாழன் காலை எனக்கு எழ முடியவில்லை. அப்பாவே கறக்கப் போனார். ஜன்னல் வழியாகச் சத்தம் கேட்டது. “என்னடி பாக்குறீங்க, எல்லாரும் கதவையே? யாரு வரணும் உங்களுக்கு? ராணியா?” பிறகு ஏதோ விழுந்தது. பதினேழு கறவைக் குழாயை உதைத்துத் தள்ளிவிட்டது. 

மதியம் மெல்ல எழுந்து போய்ப் பார்த்தேன். நடைபாதை முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பில் என் கால்கள், அக்கா. முன்தகடு, பின்தகடு, முன்தகடு, பின்தகடு. லிஃப்ட் திறக்கும் அரைவட்டம், மூடும் அரைவட்டம். எல்லாம் அச்சடித்தது போல. பக்கத்திலேயே அப்பாவின் பூட்ஸ் தடம். என் தடங்கள் ஒன்றின்மேலும் அவர் மிதித்திருக்கவில்லை. ஓரமாகவே நடந்து, கோடிவரை போய், திரும்பி வந்திருக்கிறார். இரண்டு தடவை.

நான் பெருக்கிவிட்டேன். சாயங்காலம் வந்து, “காய்ச்சல் விட்டுதா?” என்று கேட்டார். அவ்வளவுதான். இன்று காலை தேவாலயத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து பாடினார். தடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கத்தினால்கூடத் தேவலை.

நாடகம் மார்ச் 30, வெள்ளி இரவு ஏழு மணி. மறுநாளும் உண்டு. மிஸ் ஹால்வர்சன், “ரோண்டா, நேத்து ரெண்டு சத்தம் கேட்டுச்சு. நீதான்” என்றார். தட்டும்போதெல்லாம் அந்தச் சுண்ணாம்புத் தடம்தான் கண்ணில் நிற்கிறது, அதனால்தான்.

என்ன செய்ய?

ரோண்டா


நியூ ட்ரெந்தே
மார்ச் 23

அன்பு மகள் ஜோவனுக்கு, அம்மா எழுதுவது.

சுகம். நீயும் சுகமென்று நம்புகிறேன். நூல் நல்ல நூல். ஆறு உருண்டை அனுப்பியிருக்கிறாய், நான் இரண்டு என்றுதானே கேட்டேன். சரி, தேவைப்படும்.

ரோண்டாவுக்குக் காய்ச்சல் வந்து போயிற்று. அப்பா ஒரு வாரமாகக் கொட்டகைத் தரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சுண்ணாம்பு சரியில்லையா என்று கேட்டேன். “நல்லாத்தான் இருக்கு. தெளிவா இருக்கு” என்றார். சுண்ணாம்பில் என்ன தெளிவு என்று எனக்குப் புரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறேன், பள்ளிக்கூடத்துக்கு மட்டும், வீட்டுக்கு இல்லை என்று எழுதியிருந்தாய். உன் இஷ்டம். அந்த வரியை நான் சாப்பாட்டு வேளையில் சத்தமாகப் படித்துவிட்டேன். பஸ் எத்தனை மணிக்கு என்று அப்பா கேட்டார். நாலேகால் என்றேன். எழுந்து போய்த் தீவனக் கடைக் காலண்டரில் பென்சிலால் எழுதினார். நாலேகால் என்று மட்டும். பெயர் எழுதவில்லை.

பாதாம் ரொட்டி சுடப் போகிறேன்.

உன் அம்மா


மினியாபொலிஸ்
மார்ச் 24

ரோண்டி,

நலம். நீண்ட கடிதம் எழுத நேரமில்லை, இரண்டு நாள் விடுப்பு வாங்க இரண்டு வாரம் இரவுப் பணி ஏற்றிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். கடைசி வரிசையில் உட்காருவேன். என்னைத் தேடாதே, தாளம் தப்பும்.

நீயே அப்பாவிடம் சொல்லிவிடு. அவராகக் கேட்கும்வரை காத்திருக்காதே. நான் சொல்லாமல் இருந்தேன். அவர் அடுத்தவர் வாயால் கேட்டார். மற்ற எதையும்விட அதுதான் அவரைச் சுட்டது என்று இப்போது தோன்றுகிறது.

காலை நன்றாக நீவிக்கொள்.

ஜோவன்


நியூ ட்ரெந்தே
மார்ச் 29, வியாழன் இரவு

அன்புள்ள அக்கா,

இதைத் தபாலில் போட்டால் நீ புறப்பட்ட பிறகுதான் அங்கே வரும். நாளைக்கு உன் கையிலேயே கொடுக்கிறேன், நான் நாளை பள்ளிக்குப் போக முடிந்தால்.

நீ சொன்னபடி சொல்லிவிடத்தான் முயன்றேன். செவ்வாயன்று கொட்டகைக்குப் போனேன். அப்பா பதினேழின் பக்கத்தில் குனிந்திருந்தார். “அப்பா, ஒண்ணு சொல்லணும்” என்றேன். “இது பாலை விடட்டும், அப்புறம் சொல்லு” என்றார். அது விடவே இல்லை. கால்மணி நேரம் நின்றேன். “போய்ப் படி” என்றார்.

நேற்று மூப்பர் கூட்டம். அதில் நாடகத்தைப் பற்றிப் பேச்சு வந்ததாம். டெப்பின் அப்பா வீட்டில் சொன்னதை டெப் இன்று சொன்னாள். யாரோ அப்பாவிடம், “உங்க சின்னவ அதுல என்ன பண்றா கெரிட்?” என்று கேட்டாராம். அப்பா, “மேடைக்குப் பின்னாலன்னு நான் கையெழுத்துப் போட்டேன்” என்றாராம். “ஆடுதுங்களாமே எல்லாம்?” என்று அவர் விடவில்லையாம். அப்பா தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, “நான் போட்ட கையெழுத்தப் பத்தித்தான் நான் பேச முடியும். வேற கேள்வி இருந்தா என் வீட்டுக்கு வந்து கேளுங்க. ஆறு மணிக்கு மேல வாங்க, அதுவரைக்கும் கறவை இருக்கும்” என்றாராம்.

அக்கா, நான் போட்ட ஒரு பெருக்கல் குறியால் அப்பா சபை நடுவில் நின்று அப்படிப் பேச வேண்டியதாகிவிட்டது. கேட்டதிலிருந்து அழுதுகொண்டிருக்கிறேன். நாளைக்கு மேடையில் என்னைப் பார்த்தால் எல்லோரும் அவரை என்ன சொல்வார்கள்? இப்போதே விலகிவிடலாமா என்றால் மற்ற ஏழு பேர் இருக்கிறார்கள். இன்று ஒத்திகையில் முதல் தடவையாக எட்டும் ஒரே சத்தமாக விழுந்தது. மிஸ் ஹால்வர்சன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

இன்னும் கேள். ஒத்திகை முடிந்து வந்து, ஷூவைத் துடைத்து வழக்கம்போல டப்பாவில் வைத்தேன். சாப்பிட்டதும் பைக்குள் எடுத்து வைக்கலாம் என்று போனால் டப்பா காலி. நான் திரும்பி வந்த பிறகு கொட்டகைக்குப் போன அப்பா இன்னும் வரவில்லை. கறவை முடிந்து மூன்று மணி நேரமாகிறது. விளக்கு எரிகிறது. அம்மா என் கால் உறையைத் தைத்துக்கொண்டு, “போயித் தூங்கு, அவரு வருவாரு” என்கிறாள். ஷூவை எரித்துவிட்டாரா? சாணக் குழியில் போட்டுவிட்டாரா? நான் இப்போதே இறங்கிப் போய் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். எழுதி முடித்துவிட்டுப் போகிறேன். எழுதும்வரை தைரியம் இருக்

பின்கதவு திறக்கிறது. படிக்கட்டில் அப்பாவின் பூட்ஸ். கழற்றாமலே வருகிறார். 

கதவைத் தட்டுகிறார்.  வெளியே நின்றே பேசுகிறார், அவர் பேசப் பேச எழுதுகிறேன், கை தானாக ஓடுகிறது.

“ரோண்டா. முழிச்சிருக்கியா? விளக்கு தெரியுது.”

“நாளைக்குக் காலைல நீ கறக்க வரவேணாம். தூங்கு. விடிகாலைல எழுந்து நின்னா ராத்திரிக்குக் கால் என்னத்துக்கு ஆகும்? நானே பாத்துக்கிறேன்.”

“ஆனா அந்தப் பதினேழு என்னை மதிக்க மாட்டேங்குது. முன்னால ரெண்டு, பின்னால ஒண்ணு, அதுவரைக்கும் தரையப் பாத்துப் புடிச்சிட்டேன். அதுக்கப்புறம் ஒரு காலைக் காணோம். எங்க போகுதுன்னு தெரியல.”

“ஷூ எங்கிட்டதான் இருக்கு. எனக்குப் பத்தல.”

“சிரிக்காத. இது ஆட்டமில்ல, பால் கறக்குறது. கீழ வா, ஒரு தடவ காட்டிட்டுப் போய்ப் ப